குசினிக்குக் கல் பதிக்கும் முன் வரும் பதற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் குசினியில் சமையல் மேடைக்குக் கிரனைட் பதித்தோம். போன வருடம் கல்முனையில் தங்கை வீட்டுக்குப் பதித்தபோது, அளவெடுத்த நாளிலிருந்து கடைசி நாள் வரை நான் கூடவே நின்றேன். அதற்குப் பிறகு சொந்தத்திலோ அயலிலோ யாராவது கல்லுக்கு அட்வான்ஸ் கட்டினால் எனக்கு ஒரு கோல் வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கல் வர இன்னும் நாலு நாள் இரிக்கு, இப்பவே நெஞ்சு படபடக்குது. இது எனக்கு மட்டுமா கா?

இல்லை. நான் அறிந்த எல்லோருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. டைல் உடைந்தால் ஒரு டைலை மாற்றலாம், பெயின்ட் பிடிக்காவிட்டால் மேலே இன்னொன்று அடிக்கலாம். கல் அப்படி இல்லை. மாதக் கணக்கில் சேர்த்த காசு ஒரே நாளில் போகிறது, அதுவும் வீட்டில் அதிகம் புழங்கும் இடத்துக்கு. பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வேலை முழுவதிலும் திருப்பி எடுக்க முடியாத கட்டம் ஒன்றே ஒன்றுதான்: கல்லை வெட்டுவது. வெட்டும் வரை எதையும் மாற்றலாம். வெட்டியான பிறகு கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. நம்மில் பலர் வெட்டும் வரை நிம்மதியாக இருந்துவிட்டு, பதிப்பதற்கு முதல் நாள் இரவு நித்திரை இல்லாமல் கிடக்கிறோம். அந்தப் பயத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, அளவெடுக்கும் நாளில் வையுங்கள். அங்கே அது உதவும்.

கிரனைட், மார்பிள், குவார்ட்ஸ் எண்டு சொல்றாங்க. எது என்னண்டே விளங்கல்ல. பிழையானதை எடுத்திட்டனோ?

கிரனைட் பூமிக்கடியில் உருகிய பாறை ஆறி இறுகியது. கடினமானது, சூட்டையும் புளியையும் தாங்கும். மார்பிள் சுண்ணாம்பு வகை. தேசிக்காய், புளி, வினாகிரி எது பட்டாலும் பளபளப்பு போய் வெள்ளைத் தடம் விழும். குவார்ட்ஸ் என்று விற்பது ஆலையில் செய்தது: நொறுக்கிய கல் 90 சதவீதத்துக்கு மேல், மீதி பிசின். கறை பிடிப்பது குறைவு, ஆனால் அந்தப் பிசின் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தாங்காது.

நம் சமையலுக்கு, அதாவது புளி விட்ட மீன் குழம்பு, மஞ்சள், தேசிக்காய், இறக்கி வைக்கும் மண்சட்டி எல்லாவற்றுக்கும், நான் கிரனைட்டைத்தான் சொல்வேன். நீங்கள் எடுத்தது எதுவென்று சந்தேகம் என்றால் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். அதன் மேல் தேசிக்காய்ச் சாறு சில சொட்டு விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். துடைத்த இடம் மங்கியிருந்தால் அது மார்பிள் வகை.

கறுப்புக் கல் எண்டு தந்தாங்க. சாயம் பூசினதெண்டா என்ன செய்யிற?

சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பது நடக்கிற விஷயம்தான். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து, துண்டின் மேல் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தங்கப் பொட்டு மின்னும் கறுப்புக் கல் ஆந்திராவின் சீமகுர்த்திப் பக்கம் எடுக்கப்படுவது. அந்தப் பொட்டுகள் கல்லிலேயே உள்ள கனிமம், யாரும் தூவியது அல்ல. அதைப் பார்த்துப் பயந்த ஒருவர் எனக்கு இரவு பத்து மணிக்குக் கோல் எடுத்தார்.

கபேர்ட் ஏலவே அடிச்சாச்சு. கல்லுட பாரத்தை அது தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள கிரனைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகலம் என்றால் 20 சதுர அடி, 100 கிலோ. இரண்டு மூட்டை சீமெந்தின் பாரம். அது பத்தடிக்கும் பரவி நிற்கிறது, ஒரே இடத்தில் இல்லை. நேராக நிற்கும் நல்ல கபேர்ட் தாங்கும்.

பாரத்தைவிட மட்டம்தான் முக்கியம். அடியில் ஒரு இடம் உயர்ந்து ஒரு இடம் பள்ளமாக இருந்தால், கல் அந்தப் பள்ளத்துக்கு மேல் வெறுமையாக நிற்கும். பிறகு யாராவது ஏறி நின்று யன்னல் துடைத்தால் வெடிக்கும். கல் வெட்டக் கொடுக்கும் முன் கபேர்ட்டின் மேல்பக்கத்தை மட்டம் பிடித்துப் பாருங்கள், சரியில்லாவிட்டால் தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். கல் பதிக்க வந்தவர் அன்றைக்கு அவசரமாகக் கட்டைத் துண்டு செருகிச் சமாளிக்க விடாதீர்கள்.

அளவு பிழைச்சா முழுக் காசும் போயிருமே. அதை எப்பிடித் தடுக்கிற?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான், அதிகம் சொல்ல இருப்பதும் இதற்குத்தான். நான் செய்தது, இப்போது எல்லோருக்கும் சொல்வது: காட்போட் மட்டை. ஃப்ரிட்ஜ், டீவி வந்த பெட்டிகளை வெட்டி ஒட்டி, கல் எந்த அளவில் வரவேண்டுமோ அதே அளவில் மட்டை செய்து கபேர்ட்டின் மேல் விரியுங்கள். சிங்க், அடுப்பு, பைப் வரும் இடங்களை மார்க்கரால் கீறுங்கள். அப்படியே இரண்டு நாள் விடுங்கள். சட்டியை வைத்துப் பாருங்கள், கிரைண்டரை வைத்துப் பாருங்கள், மரக்கறி நறுக்குகிற மாதிரி நின்று பாருங்கள். பிளக் பொயின்ட் எட்டுகிறதா, லாச்சி திறக்கும்போது விளிம்பு இடிக்கிறதா என்று அப்போது தெரியும்.

எங்கள் வீட்டில் இதைச் செய்யவில்லை. சிங்க்குக்குப் பின்னால் பைப் வரவேண்டிய ஓட்டையை, வந்தவர்கள் நடுவில் சரியாக அளந்துதான் போட்டார்கள். ஆனால் எங்கள் யன்னல் உள்ளுக்குத் திறப்பது. பைப்பைப் பூட்டிய பிறகு யன்னலின் ஒரு கதவு அதில் இடித்தது. அளவெடுக்கும்போது யன்னல் சாத்தியிருந்தது, யாருக்கும் அது தோன்றவில்லை. இன்றைக்கும் அந்தக் கதவு பாதிதான் திறக்கும். அதனால் சொல்கிறேன், அளவெடுக்க வரும் நாளில் எல்லா யன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள்.

உயரத்தையும் மறக்காதீர்கள். சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கையிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேற்பரப்பு வரவேண்டும். கடையில் 34, 36 அங்குலம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கட்டையான ஆளுக்கு அந்த உயரத்தில் தேங்காய்ப்பால் பிழிந்தால் தோள் நோகும். அளக்க வேண்டியது சமைக்கிறவரை, வீட்டுக்குக் காசு போட்டவரை அல்ல.

சிங்க்குக்கு வெட்டுற இடத்துல கல் வெடிச்சிரும் எண்டு பயமுறுத்துறாங்க.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முழுக் கல்லில் பலவீனமான இடம் சிங்க்குக்கு முன்னால் மிஞ்சும் ஒடுங்கிய துண்டுதான். தூக்கும்போது முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தத் துண்டு குறைந்தது மூன்று அங்குலமாவது இருக்கட்டும். வெட்டும் ஓட்டையின் மூலைகள் கூராக இல்லாமல் வளைவாக இருக்கவேண்டும். கூர் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். இந்த இரண்டையும் வாயால் சொல்லாமல் படம் கீறிக் கொடுங்கள்.

இன்னொன்று. சிங்க்கையும் உள்ளே பதிக்கும் அடுப்பையும் வாங்கி வீட்டில் வைத்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டினால் கால் அங்குலத்தில் சிக்கல் வரும். மேலே வைக்கும் சாதாரண காஸ் குக்கர் என்றால் ஓட்டையே வேண்டாம். அடுப்பு எதுவென்று இன்னும் தீர்மானிக்கவில்லையா? வெட்டாமல் விடுங்கள். ஓட்டையைப் பிறகும் போடலாம், போட்ட ஓட்டையை மூட முடியாது.

எங்கட ஒழுங்கைக்குள்ள லொறி வராது. கல்லை எப்பிடிக் கொண்டு வருவாங்க?

காத்தான்குடி, சாய்ந்தமருது ஒழுங்கைகளில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது. வாசல் வரை லொறி வராவிட்டால் தூக்கித்தான் வரவேண்டும், அதற்கு ஆள் கூடுதலாகத் தேவை. கடையில் முன்பே சொல்லி, ஆள் கூலி யாருடையது என்றும் பேசிவிடுங்கள். கல்லை எப்போதும் நிறுத்தி வைத்துத்தான் தூக்கவேண்டும். பலகை மாதிரிப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே முறியும். வரும் வழியில் சைக்கிள், பூச்சாடி, உடுப்புக் கொடி எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

மாரியில செய்யலாமா?

செய்யலாம். நனைவதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கம் வெள்ளம் வந்தால் லொறியும் வராது, ஆளும் வராது. வழுக்கும் முற்றத்தில் 100 கிலோ தூக்குவதும் ஆபத்து. அவசரம் இல்லையென்றால் மாசிக்குத் தள்ளுங்கள்.

நல்ல நாள் பார்க்கணும் எண்டு அம்மா நிக்கிறா. கல் பதிக்கிற பாஸ் சொல்ற நாள் சரிவருதில்ல.

அம்மாவின் மனம் ஆறுதலாக இருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை, வேலையாட்கள் வரும் நேரமும் அதுவே. ஒன்பதரைக்கு வரச் சொன்னால் பிரச்சினை முடிந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. அதை விட்டால் ஜும்மா நேரம் வந்துவிடும், வேலைக்கு வருகிறவர்கள் முஸ்லிம்கள் என்றால் பள்ளிக்குப் போவார்கள். ஆகவே வெள்ளி வேண்டாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர் என்றால் அந்தக் கிழமையையும் விடுங்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது குசினி இல்லாமல் இருக்க முடியாது.

சின்னவனுக்கு இழுப்பு. கல் வெட்டுற தூசு கூடாதாமே?

உண்மையாகவே கூடாது, இதை லேசாக எடுக்காதீர்கள். கல்லில் சிலிக்கா இருக்கிறது. காய்ந்த கல்லைக் கிரைண்டரால் வெட்டும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலுக்குள் போய்த் தங்கும். வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் வேலையாட்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நோய் வருகிறது, அதற்கு மருந்து இல்லை. ஆலையில் செய்த குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா மிக அதிகம் என்பதால் 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அந்தக் கல்லைத் தடைசெய்தது. கிரனைட்டில் அதைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது.

பெரிய வெட்டெல்லாம் பட்டறையில் முடித்து வரச் சொல்லுங்கள். வீட்டில் சின்னதாகத் தேய்க்க வேண்டியிருந்தால் முற்றத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டு செய்யட்டும். பிள்ளையை அன்றைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்யும் தம்பிமாருக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். அவர்களுக்கு இது ஒரு நாள் தூசு இல்லை.

பக்கத்துல நிண்டு பார்த்தா பாஸ் கோவிப்பாரா?

வேலை தெரிந்தவர் கோபிக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் கேள்வி கேட்டால் யாருக்கும் கை தடுமாறும். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது, நீங்கள் கீறிய படத்தைக் காட்டி ஒருமுறை எல்லாம் கதையுங்கள். பிறகு மூன்று நேரத்தில் மட்டும் போய் நில்லுங்கள். கல்லை ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்க்கும்போது, ஓட்டையில் சிங்க்கை இறக்கிப் பார்க்கும்போது, இணைப்பை ஒட்டும் முன். “பாஸ், ஒட்டுறதுக்கு முதல் ஒருக்காக் கூப்பிடுங்க” என்று சொன்னால் போதும். இடைநேரத்தில் முன் விறாந்தையில் வேறு வேலை பாருங்கள். வயிறு கலக்கினால் கலக்கட்டும், அது போய்விடும்.

எல் வடிவத்துல வருகுது. இணைப்பு அசிங்கமாத் தெரியுமா?

தெரியும். கறுப்புக் கல்லில் குறைவாகவும், அலை அலையாக ஓடும் கல்லில் நன்றாகவும் தெரியும். இணைப்பே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், பிறகு ஏமாற்றமாக இருக்கும். நல்ல வேலை என்றால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்காது, கல்லின் நிறத்திலேயே பசை இருக்கும். கண்ணை மூடி விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் தட்டக்கூடாது. இணைப்பு எந்த இடத்தில் வரும் என்பதை வெட்டும் முன் கேளுங்கள். சிங்க் ஓட்டையின் நடுவில் வேண்டாம்.

கல்லை இறக்கியாச்சு. ஒரு கோடு ஓடுது. வெடிப்பா, இல்லாட்டி கல்லுட இயற்கையா?

நகத்தால் குறுக்கே கீறுங்கள். நகம் தட்டி நின்றால் வெடிப்பாக இருக்கலாம், வழுக்கிப் போனால் பெரும்பாலும் கல்லின் இயற்கையான ரேகை. ஆனாலும் சில ரேகைகள் நகத்தில் லேசாகத் தட்டும். அதனால் இரண்டாவதாக இதையும் பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே உயரமா, கோடு சிங்க் மூலையிலிருந்து தொடங்குகிறதா? மூலையிலிருந்து தொடங்கும் நேர்க்கோடு என்றால், மேலே சொன்ன அந்த ஒடுங்கிய துண்டின் வெடிப்புத்தான். ஒட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துப் பேசுங்கள். ஒட்டிய பிறகு யார் வெடிக்க வைத்தது என்று நிரூபிக்க முடியாது.

இதனால்தான் மிச்சக் காசு முழுவதையும் கல் இறங்கிய உடனே கொடுக்கவேண்டாம் என்கிறேன். ஒரு பகுதியைப் பதித்து முடித்து, சிங்க்கில் தண்ணீர் நிரப்பி ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக அட்வான்ஸ் கட்டும்போதே பேசுங்கள். முன்பே பேசினால் சண்டை இல்லை.

கடையில பார்த்த நிறம் இல்ல போல இரிக்கு. அழுகையா வருது.

முதலில் இரண்டு நாள் பொறுங்கள். கடையில் முழுக் கல் வெளியே வெயிலில் நின்றது, உங்கள் குசினியில் ஒரு யன்னலும் ஒரு பல்பும்தான். பதித்த அன்று பசையும் தூசும் படிந்து கல் மங்கியிருக்கும். ஒட்டிய சிலிக்கன் பசை காய ஒரு நாள் ஆகும், அதுவரை பாரமான எதையும் வைக்காமல் விட்டு, பிறகு நன்றாகத் துடைத்து, பகலிலும் இரவிலும் பாருங்கள். பலருக்கு இரண்டாம் நாளே மனம் சேர்ந்துவிடுகிறது. மஞ்சள் பல்பை வெள்ளையாக மாற்றியதும் தங்கைக்கு அது வேறு கல்லாகவே தெரிந்தது.

உண்மையிலேயே வேறு கல் வந்திருந்தால் அது வேறு விஷயம். அதற்கு ஒரே பாதுகாப்பு, தெரிவுசெய்த நாளில் அந்தக் கல்லையே போட்டோ எடுத்து, பின்பக்கம் உங்கள் பெயரை எழுதி வருவது.

மஞ்சள், எண்ணெய் கறை பிடிக்குமா?

கல்லின் மேல் சில சொட்டு தண்ணீர் விட்டு பதினைந்து நிமிடம் பாருங்கள். அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் என்ற பூச்சைப் பூசவேண்டும். கறையாகிவிட்டால் அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து அப்பி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விடுங்கள். எண்ணெயை அது இழுத்துவிடும். டொய்லெட்டுக்கு ஊற்றும் அசிட்டைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

தேங்காய் திருவுற மெஷினை விளிம்பில பூட்டலாமா? நண்டு உடைக்கலாமா?

திருகிப் பூட்டும் துருவியை நேராகக் கல்லில் பூட்டவேண்டாம். இறுக்கும் விசை முழுவதும் விளிம்பில் ஒரு பொட்டில் விழும், விளிம்பு பெயரும். மேலும் கீழும் ரப்பர் துண்டு வைத்து, கீழே கபேர்ட் தாங்கும் இடத்தில் பூட்டலாம். சிங்க்குக்கு முன்னால் மட்டும் வேண்டாம். நண்டைப் பலகையில் உடையுங்கள். கத்தியும் பலகையில்தான், கல்லில் வெட்டினால் மொட்டையாவது கத்தி. சூட்டுச் சட்டியைக் கிரனைட் தாங்கும், ஆனாலும் கீழே ஒரு தும்பு வளையம் போடுவது நல்ல பழக்கம்.

சுனாமிக்குப் பிறகு அப்பா தன்ட கையால போட்ட கொங்கிரீட் தட்டு. அப்பா இப்ப இல்ல. உடைக்க மனம் வருதில்ல. என்ன செய்யிற?

கல்லடியிலிருந்து ஒருவர் கேட்டது. உடைக்கத்தான் வேண்டும் என்று இல்லை. நல்ல கொங்கிரீட் தட்டு கல்லுக்குக் கபேர்ட்டைவிட உறுதியான ஆதாரம், அடி முழுக்கத் தாங்கும். முதலில் தட்டின் கீழ்ப்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்தால் கீழே பழுப்புக் கோடு தெரியும், சீமெந்து ஊதி உதிரும். அப்படி என்றால் அதன் மேல் கல் வைப்பது பிழை. அது ஒரு நாள் கல்லையும் கூட்டிக்கொண்டு விழும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் மேலே உள்ள பழைய டைலை மட்டும் பெயர்த்து, அரை அங்குலச் சாந்தில் கல்லைப் பதிக்கலாம். கல்லும் சாந்தும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயரும், ஆகவே முழங்கை அளவை மறுபடி பாருங்கள். திருக்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடுவழியாக முடிவெடுத்தார்கள். துருப்பிடித்த பக்கத்தை உடைத்துக் கபேர்ட் அடித்தார்கள், யன்னலோரம் நல்லபடியாக இருந்த நாலடியை அப்படியே விட்டு, அதன் மேல் அம்மியை வைத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்வதென்றால் அளவெடுக்க வருகிறவரிடம் முதலிலேயே காட்டுங்கள், அந்த நாலடியை விட்டுத்தான் அவர் கணக்கெடுப்பார்.